பிழையின் வேர் எங்கே?

பிரிஞ்சாங் நகரைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கி வடக்கே செல்லும் மலைச்சாலையில் கோலா தெர்லா அமைந்துள்ளது. காய்கறித் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும் நிறைந்த வட்டாரம் இது. இங்கு வளரும் தமிழ் மாணவர் ஒருவரின் காதில் ஒரே நாளில் மூன்று மொழிகளாவது விழும். வீட்டில் தமிழ், பள்ளியிலும் கடையிலும் மலாய், விடுமுறைக் காலத்தில் மலையேறி வரும் சுற்றுப்பயணிகளிடம் ஆங்கிலம். சீன மொழிகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

இத்தகைய சூழலில் வளரும் மாணவரின் ஆங்கிலக் கட்டுரையில் சிவப்பு மையால் வட்டமிடப்படும் பிழைகளைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அவற்றுள் பல பிழைகள் உண்மையில் சரியான மலாய் வாக்கியங்கள். சில, சரியான தமிழ் வாக்கியங்கள். சொற்கள் மட்டுமே ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆகவே, ‘இது தவறு’ என்று திருத்துவதோடு நின்றுவிடாமல், ‘இது எந்த மொழியிலிருந்து வந்தது?’ என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

‘ஓப்பன் தி லைட்’ என்பது நம் நாட்டில் அடிக்கடி கேட்கும் தொடர். மலாயில் விளக்கைப் போடுவதற்கு ‘புக்கா லம்பு’ என்பர். ‘புக்கா’ என்றால் ‘திற’. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் விளக்கின் மூடியைக் கழற்றச் சொல்வதுபோல் ஆகிவிடும். ‘டர்ன் ஆன்’ அல்லது ‘சுவிட்ச் ஆன்’ என்பதே ஆங்கில வழக்கு. அதேபோல், அப்பாவோடு தானா ராத்தாவுக்குப் போன மாணவர் ‘ஐ ஃபாலோட் மை ஃபாதர்’ என்று எழுதுகிறார். மலாய்ச் சொல் ‘ஈக்குட்’ உடன் செல்வதையும் பின்தொடர்வதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தைப் படிப்பவர், தந்தைக்குத் தெரியாமல் மகன் பின்னால் சென்றான் என்றுகூட எண்ணக்கூடும். இங்குத் தமிழே துணைக்கு வருகிறது. ‘அப்பாவோடு போனேன்’ என்பதில் உள்ள ‘ஓடு’ உருபுக்கு இணையானது ஆங்கில ‘வித்’. ‘ஐ வென்ட் வித் மை ஃபாதர்’ என்றால் குழப்பம் இல்லை.

தமிழ் கைகொடுக்கும் இடம் இன்னொன்றும் உண்டு; அது காலம். மலாய் வினைச்சொல் காலத்திற்கேற்ப மாறுவதில்லை. ‘நேற்று’ என்னும் சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். அந்தப் பழக்கத்தால்தான் ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்ற வாக்கியம் பிறக்கிறது. தமிழறிந்த எந்த மாணவரும் ‘நேற்றுப் போகிறேன்’ என்று சொல்லமாட்டார். ‘நேற்று’ என்று தொடங்கினாலும் ‘போனேன்’ என்றுதான் முடிப்பார். ‘செய்தான்’, ‘உண்டான்’, ‘சென்றான்’, ‘ஓடினான்’ ஆகியவற்றில் இறந்தகாலம் நான்கு வகையாகக் காட்டப்படுகிறது. இவற்றையெல்லாம் தயங்காமல் பேசும் ஒருவருக்கு ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆவதும் ‘டேக்’ என்பது ‘டுக்’ ஆவதும் புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. ‘அவள் கிள்ளுகிறாள்’, ‘அவர்கள் கிள்ளுகிறார்கள்’ என்று வினைமுற்று மாறுவதைப் போலவே ‘ஷி ப்ளக்ஸ்’, ‘தே ப்ளக்’ என்று ஆங்கிலமும் ஓரளவு மாறுகிறது. தமிழ் வினையோடு ஒப்பிட்டால் ஆங்கிலத்தில் மாற்றம் மிகக் குறைவு.

‘எ’, ‘தி’ என்னும் சுட்டிடைச்சொற்கள் பலருக்கும் தொல்லை தருபவை. தமிழில் ‘தி’ என்பதற்கு நேரான சொல் இல்லை. எனினும், அந்தப் பொருள் வேறுபாடு தமிழில் இல்லாமல் இல்லை. ‘கூடை எடுத்து வந்தார்’, ‘கூடையை எடுத்து வந்தார்’ என்னும் இரு வாக்கியங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவதில் ஏதோ ஒரு கூடை. இரண்டாவதில், கேட்பவருக்கு முன்பே தெரிந்த கூடை. முதலாவதற்கு ‘எ பாஸ்கெட்’, இரண்டாவதற்கு ‘தி பாஸ்கெட்’. ‘ஐ’ உருபு உயர்திணைப் பெயரில் இவ்வாறு பயன்படாது, எழுவாயிலும் பயன்படாது. எனவே, இதை முழு விதியாகக் கொள்ள முடியாது. ஆனால், கேட்பவருக்கு அப்பொருள் முன்பே தெரியுமா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இது ஏற்படுத்தும்.

இலக்கணப் பயிற்சிகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு சிக்கல், பேசும்போது உண்மையான இடையூறாகிவிடுகிறது. சாலையோரக் கடையில் ஒரு பயணி, ‘டோன்ட் யூ செல் டீ ஹியர்?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ‘இங்கே தேயிலை விற்பதில்லையா?’ என்பது அதன் பொருள். தமிழில் ‘ஆமாம், விற்பதில்லை’ என்று பதிலளிக்கலாம். அந்த ‘ஆமாம்’ கேட்டவரின் எண்ணத்தோடு உடன்படுகிறது. அதையே ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்று சுருக்கிச் சொன்னால் தேயிலை இருக்கிறது என்று பயணி புரிந்துகொண்டு காத்திருப்பார். ஆங்கிலத்தில் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும் கேட்டவரின் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. உண்மை நிலையை மட்டுமே பார்க்கின்றன. விற்பதில்லை என்றால், கேள்வி எப்படி அமைந்திருந்தாலும் ‘நோ’தான். கடையில் இது சிறு குழப்பத்தோடு முடிந்துவிடும். தங்கும் விடுதி ஒன்றின் நேர்முகத் தேர்வில், ‘இதற்குமுன் வேலை செய்ததில்லையா?’ என்ற கேள்விக்கு இளைஞர் ஒருவர் ‘யெஸ்’ என்று சொன்னால், இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் கூறியவர் ஆகிவிடுவார். ‘நோ, ஐ ஹாவ்ன்ட்’ என்று வினையையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இதற்கு நல்ல மருந்து.

அடுத்தது சொற்களஞ்சியம். அகராதியைப் பார்த்து நாளுக்குப் பத்துச் சொற்கள் என மனனம் செய்வோர் உள்ளனர். பொருள் தெரிந்தும் அச்சொற்களைப் பயன்படுத்தத் தெரியாமல் அவர்கள் திகைப்பது இயல்பே. ஏனெனில், சொற்கள் தனித்து வாழ்வதில்லை. தமிழ் மாணவர்கள் இதை மரபுச்சொற்கள் வழியாக அறிவர். கொழுந்தைக் கிள்ளுகிறோம், பூவைக் கொய்கிறோம், நெல்லை அறுக்கிறோம், கிழங்கை அகழ்கிறோம். ஆங்கிலத்திலும் தேயிலைக்கு ‘ப்ளக்’, ஸ்டிராபெரிக்கு ‘பிக்’, முட்டைக்கோசுக்கு ‘கட்’, உருளைக்கிழங்குக்கு ‘டிக்’ என வினைகள் வேறுபடுகின்றன. ரப்பர்த் தோட்டத்தில் உழைத்த தாத்தாவைப் பற்றி எழுதும் மாணவர், ‘மரம் வெட்டினார்’ என்பதை ‘கட் ட்ரீஸ்’ என்று மொழிபெயர்த்தால் தாத்தா காட்டை அழித்தவராகிவிடுவார்! ‘டேப்’ என்பதே அதற்குரிய வினை.

ஆங்கில மொழியியல் அறிஞர் மைக்கேல் ஹாலிடே சொற்களின் இந்த இணக்கத்தை விளக்கத் தேநீரையே எடுத்துக்காட்டினார். ‘ஸ்ட்ராங்’, ‘பவர்ஃபுல்’ இரண்டும் வலிமையைக் குறிப்பவை. ஆயினும், தேநீருக்கு ‘ஸ்ட்ராங்’ மட்டுமே பொருந்தும். நம் நாட்டிலோ மலாயின் ‘பெக்காட்’ என்னும் சொல்லையொட்டி ‘திக் டீ’ என்று கேட்பவரும் உண்டு. மலைநாட்டு வானிலையிலும் இந்த இணக்கத்தைக் காணலாம். கனமழை ‘ஹெவி ரெயின்’, பலத்த காற்று ‘ஸ்ட்ராங் விண்ட்’, அடர்ந்த மூடுபனி ‘திக் ஃபாக்’. இம்மூன்றிலும் தமிழும் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே வழியில் செல்கின்றன. எல்லாச் சொற்களுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

சொற்களும் ஒரே ஊரில் தங்கிவிடுவதில்லை. ஆங்கில ‘டீ’, மலாய் ‘தே’, தமிழ்த் ‘தேயிலை’யின் முற்பகுதி ஆகிய மூன்றும் சீனாவின் ஹொக்கியன் வழக்கிலிருந்து கிளைத்தவை. தோட்டத்து ‘லயம்’ ஆங்கில ‘லைன்’ என்பதன் திரிபு. எதிர்த்திசையில், தமிழின் ‘கட்டுமரம்’, ‘சுருட்டு’, ‘மிளகுத்தண்ணீர்’ ஆகியவை ஆங்கில அகராதியில் ‘கட்டமரான்’, ‘ஷெரூட்’, ‘மல்லிகடானி’ என இடம்பெற்றுள்ளன.

கடையில் ‘கேன், கேன்’ என்று பேசும் மலேசிய ஆங்கிலம் இழிவானதன்று. நண்பர்களிடையே அது விரைவானது, நெருக்கமானது. ஆனால், எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலப் பாடத்தில் எழுத்துத்தாளோடு பேச்சுக்கும் கேட்டலுக்கும் தனித்தாள்கள் உள்ளன. அங்கும் நேர்முகத் தேர்விலும் வேறு நடை தேவைப்படுகிறது.

ஆகவே, தனிச்சொற்களுக்கு மாறாகத் தொடர்களை எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்று பயன்தரும். ‘டீ’ என்னும் தலைப்பின்கீழ், ‘ப்ளக் டீ’, ‘மேக் டீ’, ‘ஸ்ட்ராங் டீ’, ‘எ கப் ஆஃப் டீ’ எனத் தொடர்கள் வரிசையாக அமையட்டும். அதே பக்கத்தின் ஓரத்தில் ‘திக் டீ’ என்று எழுதி, அதன் அருகே ‘மலாய்’ என்று குறித்துவைக்கலாம்.