நட்டம் எங்கே போனது?

கிள்ளானில் என் தாய்மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பருவ விடுமுறைகளில் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறேன் என்பதில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை அதிகம். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், மாமா தமிழ்ப் பத்திரிகையை மடித்துக் கல்லாவின்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, மாஸ் லாபம் பண்ணிருச்சுன்னு போட்டிருக்கான். அப்ப அரசாங்கம் போட்ட நம்ம காசெல்லாம் திரும்பி வந்துடுச்சா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பின்பு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது ஆங்கிலத்தில் விரிவுரைகள் என்று வளர்ந்தவள் நான். தேர்வுத் தாளில் மூன்று பக்கம் எழுதக்கூடிய விடயத்தை மாமாவுக்குத் தமிழில் சொல்ல ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. அன்று மழுப்பிவிட்டேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நண்பர்களே, இக்கட்டுரை மாமாவுக்கு நான் தேடிய பதில்தான்.

முதலில் மாமாவின் கடைக்கே வருவோம். அட்டையில் '555' என்று அச்சிட்ட சிறிய புத்தகத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். கடனுக்குச் சாமான் வாங்குவோரின் கணக்கு அதில்தான் இருக்கும். புத்தகம் தீர்ந்துவிட்டால் பாக்கியைப் புதுப் புத்தகத்தில் எழுதுவார் மாமா. பழைய புத்தகம் குப்பைக்குப் போகும், கடன் போகாது. சிலர் ஊரைவிட்டே போய்விடுவார்கள். அவர்களின் பக்கத்தில் மாமா குறுக்கே கோடு போடுவார். அப்போதும் நட்டம் மறையவில்லை. வாங்கியவரிடமிருந்து மாமாவின் சட்டைப்பைக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஒரு நிறுவனம் "மீண்டு எழுந்தது" என்று செய்தி வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: அந்த நட்டம் எங்கே போனது?

மலேசிய விமான நிறுவனத்தின் வேர் 1947இல் பறக்கத் தொடங்கிய மலாயன் ஏர்வேஸ். பின்னர் சிங்கப்பூருடன் கூட்டாக நடந்த நிறுவனம் 1972இல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். மற்றொன்று நம் மாஸ். 1994இல் மாஸின் 32 விழுக்காட்டுப் பங்குகளைத் தொழிலதிபர் தாஜுடின் ரம்லி, பங்கு ஒன்றுக்கு 8 ரிங்கிட் கொடுத்துப் பேங்க் நெகாராவிடமிருந்து வாங்கினார். 1997இல் நாணய நெருக்கடி வந்தது. விமானக் கடனும் எரிபொருளும் அமெரிக்க டாலரில்; பயணச் சீட்டில் பெரும்பகுதி ரிங்கிட்டில். ரிங்கிட் சரிந்தபோது நிறுவனமும் சரிந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் 29 விழுக்காட்டுப் பங்குகளை அதே 8 ரிங்கிட்டுக்குத் திரும்ப வாங்க முடிவு செய்தது. மொத்தம் 179 கோடி ரிங்கிட். (வகுப்பில் நாங்கள் பில்லியன் என்போம், ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. மாமாவின் பத்திரிகை கோடி என்றுதான் போடும். நானும் அப்படியே எழுதுகிறேன்.) அப்போது சந்தையில் அந்தப் பங்கின் விலை 4 ரிங்கிட்டுக்கும் குறைவு! வித்தியாசம் யாருடைய பணம் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து நடந்ததுதான் கணக்கியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். 2002இல் 'பெனெர்பாங்கான் மலேசியா பெர்ஹாட்' என்ற அரசாங்க நிறுவனம் உருவாக்கப்பட்டது. மாஸின் விமானங்களும் அவற்றின் மீதான நீண்டகாலக் கடனும் அதற்கு மாற்றப்பட்டன. மாஸ் அதே விமானங்களை அதனிடமிருந்து குத்தகைக்கு எடுத்து ஓட்டியது. உள்நாட்டுப் பயணங்களில் வரும் நட்டத்தையும் அந்த நிறுவனமே ஏற்றுக்கொண்டது. மாஸின் இருப்புநிலைக் குறிப்பு, அதாவது ஒரு நிறுவனத்தின் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டும் பட்டியல், ஒரே ஆண்டில் பளபளப்பாகிவிட்டது. லாபமும் வந்தது. மாமாவின் மொழியில் சொன்னால், பாக்கியை வேறொரு 555 புத்தகத்தில் எழுதி, அதை வேறோர் அலமாரியில் வைத்தாயிற்று. அலமாரியும் நம்முடையதுதான்!

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் வெளிப்படையாகவே செய்யப்பட்டது. மூச்சுவிட அவகாசமும் கிடைத்தது. ஆனால், ஒரு பயணியை ஏற்றிச் செல்ல ஆகும் செலவு குறையவில்லை. எனவே எரிபொருள் விலை ஏறியதும், 2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான ஒன்பது மாதங்களில் மட்டும் நட்டம் ஏறத்தாழ 130 கோடி ரிங்கிட்டைத் தொட்டது.

இங்கே இட்ரிஸ் ஜாலா வருகிறார். சரவாக்கின் பாரியோ மலைப்பகுதியில் பிறந்த கெலாபிட் இனத்தவர். ஷெல் நிறுவனத்தில் பணியாற்றியவர். விமானத் துறை அனுபவம் கிடையாது. 2005 டிசம்பரில் பொறுப்பேற்றபோது, சில மாதங்களுக்கு மட்டுமே போதுமான ரொக்கம் கையில் இருந்தது. 2006 பிப்ரவரியில் அவர் தம் மீட்புத் திட்டத்தை வெளியிட்டார். ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் இருந்த தலைமையகக் கட்டடம் விற்கப்பட்டது. அலுவலகம் சுபாங்குக்குப் போனது. இவையெல்லாம் செய்தியில் பெரிதாக வந்தவை. ஆனால், என்னைக் கவர்ந்தது வேறு: ஒவ்வொரு வழித்தடத்திற்கும் தனித்தனி லாப நட்டக் கணக்கு பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றது.

இது ஏன் முக்கியம்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனை. 160 இருக்கைகள் கொண்ட விமானம் ஒருமுறை போய்வர 40,000 ரிங்கிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 200 ரிங்கிட் வாங்கி எல்லா இருக்கைகளையும் நிரப்பினால் வருமானம் 32,000. விமானம் நிறைந்து வழிகிறது; ஆனால், 8,000 ரிங்கிட் நட்டம்! 350 ரிங்கிட் கொடுக்கக்கூடிய 120 பேரை ஏற்றினால் 40 இருக்கைகள் காலி. ஆனால், 2,000 ரிங்கிட் லாபம். விமானம் நிரம்புவதும் லாபம் வருவதும் ஒன்றல்ல. எந்தத் தடத்தில் எது நடக்கிறது என்று தெரியாமல், ஆண்டு இறுதியில் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நோய் புலப்படாது. மாமா கடையில் எந்தச் சாமானில் எத்தனை காசு நிற்கிறது என்று அவருக்கு விரல் நுனியில் தெரியும். ஒரு தேசிய நிறுவனத்திற்கு அதைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

2006இல் நட்டம் 13.6 கோடியாகச் சுருங்கியது. 2007இல் 85.1 கோடி ரிங்கிட் லாபம். அதுவரை காணாத சாதனை அது. இந்த ஒரு கட்டத்தில்தான் நட்டம் இடம் மாறியதோடு நில்லாமல் உண்மையிலேயே குறைந்தது என்பது என் கருத்து.

ஆனாலும் முழுமையாக அல்ல. 2006 ஆகஸ்டில் உள்நாட்டுத் தடங்களில் பெரும்பாலானவை ஏர் ஆசியா வசம் ஒப்படைக்கப்பட்டன. சபா, சரவாக்கின் உட்பகுதிகளுக்குச் சிறிய விமானங்கள் ஓட்டும் சேவை ஃப்ளை ஏசியன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திற்குப் போனது. ஓராண்டுக்குச் சற்று மேல்தான் தாக்குப்பிடித்தது. 2007 அக்டோபரில் மாஸ்விங்ஸ் என்ற துணை நிறுவனம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பாரியோ போன்ற இடங்களுக்கு விமானம் ஆடம்பரமன்று. நோயாளி மருத்துவமனைக்குப் போகும் வழியே அதுதான். அங்கே லாபம் எதிர்பார்க்க முடியாது. அரசாங்க உதவித்தொகை இல்லாமல் அது நடக்காது. தேசிய விமான நிறுவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு லண்டன் தடத்தைவிட இந்தத் தடமே நல்ல பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

இட்ரிஸ் ஜாலா 2009இல் அமைச்சராகிப் போய்விட்டார். மலிவுக் கட்டண விமானங்களின் போட்டி இறுகியது. 2011இல் நட்டம் 252 கோடி ரிங்கிட். அதே ஆண்டு ஆகஸ்டில் ஏர் ஆசியாவுடன் பங்கு மாற்று ஒப்பந்தம் ஒன்று செய்யப்பட்டது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, 2012 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. பங்குதாரர்களிடம் புதுப் பணம் திரட்டியும் ஓட்டை அடையவில்லை.

பின்னர் 2014. மார்ச் 8ஆம் நாள் எம்எச் 370, 239 பேருடன் காணாமல் போனது. ஜூலை 17ஆம் நாள் எம்எச் 17 உக்ரேன் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். அப்போது எனக்குப் பத்து, பதினோரு வயது; பள்ளிச் சபைகூடலில் மௌனமாக நின்றது நினைவிருக்கிறது. இவ்விரு துயரங்களால்தான் நிறுவனம் நொடித்தது என்று பலர் எண்ணுகிறோம். அப்படியன்று. நோய் முன்பே முற்றியிருந்தது. துயரங்கள் அதைத் தாங்க முடியாததாக்கின.

2014 ஆகஸ்டில் கசானா நேஷனல் 600 கோடி ரிங்கிட் மதிப்பிலான திட்டத்தை அறிவித்தது. சிறு பங்குதாரர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு 27 காசு கொடுத்து, ஆண்டு இறுதியில் நிறுவனம் பங்குச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கென்றே 2015இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2015 செப்டம்பர் முதல் நாள் மலேசியா ஏர்லைன்ஸ் பெர்ஹாட் என்ற புதிய நிறுவனம் பறக்கத் தொடங்கியது. பழைய நிறுவனம் நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டது. புதுப் பெயரில் புதுக் கடை. நல்ல சரக்கு மட்டும் புதுக் கடைக்கு! 20,000 ஊழியர்களில் ஏறத்தாழ 6,000 பேருக்குப் புதுக் கடையில் இடமில்லை.

புதிய தலைவராக வந்த கிறிஸ்தோஃப் முல்லர் அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் நிறுவனத்தைச் சீரமைத்தவர். ஐரோப்பியத் தடங்களில் லண்டனை மட்டும் வைத்துக்கொண்டு பிராங்பர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் சேவைகளை நிறுத்தினார். ஆனால், 2016இலேயே விலகினார். அடுத்து வந்த பீட்டர் பெல்லியூ 2017இல் விலகினார். பின்னர் இந்நிறுவனத்திலேயே விமானியாக இருந்த இஸாம் இஸ்மாயில் வந்தார். மூன்று ஆண்டுக்குள் மூன்று தலைவர்கள்! லாபம் வரவில்லை.

கோவிட் வந்தபோது விமானங்கள் தரையிறங்கின. குத்தகைப் பணம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இம்முறை கசானா வேறு மாதிரி பேசியது. குத்தகைக்கு விட்டவர்கள் விட்டுக்கொடுக்காவிட்டால் இனிப் பணம் போட மாட்டோம் என்ற நிலைக்கு வந்தது. ஒப்பந்தங்கள் ஆங்கிலேயச் சட்டத்தின்கீழ் இருந்ததால் வழக்கு லண்டன் நீதிமன்றத்திற்குப் போனது. அங்கே ஒரு வழிமுறை உண்டு. கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையினர், கடன் மதிப்பில் 75 விழுக்காட்டினர், ஒப்புக்கொண்டு நீதிமன்றமும் அங்கீகரித்துவிட்டால், மறுப்பவர்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். 2021 பிப்ரவரியில் அங்கீகாரம் கிடைத்தது. 1,500 கோடி ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட கடன் பொறுப்புகள் நீங்கின. கசானாவும் 2025 வரைக்குமாக 360 கோடி ரிங்கிட் போட ஒப்புக்கொண்டது. இது மாமா குறுக்கே கோடு போடும் கதை. இம்முறை நட்டத்தின் பெரும்பங்கு வெளிநாட்டுக் குத்தகை நிறுவனங்களின் சட்டைப்பைக்குப் போனது. முந்தைய மீட்புகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

2023இல் மலேசிய விமானக் குழுமம் 76.6 கோடி ரிங்கிட் நிகர லாபம் ஈட்டியது. புதிய நிறுவனம் தொடங்கியபின் முதல் லாபம். பெருந்தொற்றுக்குப்பின் பயணம் செய்யத் துடித்தவர்கள் அதிகம், விமானங்கள் குறைவு, கட்டணமோ உச்சம். எனவே எல்லாமே நிர்வாகத் திறமை என்று சொல்லிவிட முடியாது.

2024 தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இவ்வளவையும் மாமாவிடம் சொல்லி முடித்தேன்.

"காசு திரும்பி வரல மாமா. இனிமே போகாம இருக்கத்தான் பார்க்கிறாங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேலை போச்சே ஆறாயிரம் பேருக்கு, அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார்.

லாப நட்டக் கணக்கில் அவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு ஓராண்டுச் செலவாக ஒரு வரியில் வந்து முடிந்துவிடும். அவர்களோடு வெளியேறிய அனுபவத்திற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. 2024 ஆகஸ்டில் தொடர்ந்து விமானங்கள் பழுதாகித் தாமதமானபோது, மலேசியா ஏர்லைன்ஸ் உள்ளிட்ட குழும விமானங்களின் பயணங்கள் ஆண்டு இறுதிவரை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைக்கப்பட்டன. வான் போக்குவரத்து ஆணையம் நிறுவனத்தின் இயக்கச் சான்றிதழை மூன்றாண்டிலிருந்து ஓராண்டாகச் சுருக்கியது. அது சொன்ன காரணங்கள்: உதிரிப் பாகங்கள் பற்றாக்குறை, அவ்வாண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை பொறியியல் பிரிவிலிருந்து 63 திறனாளர்கள் வெளியேறியது. 2015இல் போனவர்கள் வேறு, இவர்கள் வேறு என்று மாமாவிடம் விளக்கினேன். "ஆள் ஆள்தானேம்மா" என்றார்.

2024ஆம் ஆண்டின் நிகர லாபம் 5.4 கோடி ரிங்கிட்டாகக் குறைந்தது. அச்செய்தி வந்தபோது நான் விடுதியில் இருந்தேன். மாமாவுக்கு அழைத்துச் சொன்னேன். அவர் லாபத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பொறியாளர்களைச் சேர்த்துவிட்டார்களா என்றுதான் கேட்டார்.