முத்துக்கொட்டும் மின்னணுப் பெட்டியும்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளிப்பு நடைபெறும் பருவத்தைச் 'சலாபம்' என்று அழைத்தனர். பார்களில் எடுத்த சிப்பிகளைச் சுமந்து தோணிகள் கரை சேர்ந்ததும், அச்சிப்பிகள் 'கொட்டு' எனப்படும் வேலியிட்ட அடைப்புக்குள் கொண்டு செல்லப்படும். இலங்கைக் கரையிலுள்ள மரிச்சுக்கட்டியில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சலாபங்களில் ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. குளியாளிகளே தம் சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரிப்பர். ஒரு குவியல் அவர்களுக்கும் மற்ற இரண்டும் அரசுக்கும் உரியவை. எது எவருக்கு என்பதைப் பிரித்து முடித்த பின்னரே அரசு அலுவலர் சுட்டிக்காட்டுவார். பிரித்தவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. தேர்ந்தெடுப்பவர் பிரிப்பதில் கைவைக்க முடியாது. ஒரு குவியலைச் சற்றுப் பெரிதாக்கினால், அது தம்மை விட்டுப் போய்விடவும் கூடும் என்பதைக் குளியாளிகள் அறிந்திருந்தனர். எவருடைய நேர்மையையும் நம்பியிராமல், ஏமாற்றினால் பயனில்லை என்னும் நிலையை அந்த ஏற்பாடே உண்டாக்கியது.

மாலையில் அரசின் பங்கு ஆயிரம் சிப்பிகளுக்கு இவ்வளவு எனப் பலரறிய ஏலம் விடப்பட்டது. சிப்பிக்குள் முத்து உண்டா என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால், எவர் எவ்வளவு கேட்டார் என்பது கூடியிருந்த அனைவருக்கும் தெரியும். பொருள் மூடியிருந்தது, விலை திறந்திருந்தது. தூத்துக்குடிக் கரையில் 1961-க்குப் பின் சலாபம் நடைபெறவில்லை.

இன்று அதே கரையில் அரசு பெரும்பாலும் வாங்குமிடத்தில் நிற்கிறது. சாலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, மருந்து, கப்பல் தளம் என ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தின் வழியே பெறுகிறது. இதற்கு ஏலத்தைவிட ஒப்பந்தப்புள்ளியே ஏற்ற முறை. போட்டியாளர் ஒருவர் மற்றவரின் விலையை முன்கூட்டி அறியக்கூடாது. குறித்த நேரத்தில் அனைத்து உறைகளும் அனைவர் முன்னிலையிலும் பிரிக்கப்பட வேண்டும். முன்னர் மறைவும் பின்னர் வெளிச்சமும் இம்முறைக்கு இன்றியமையாதவை. முறைகேடு என்பது பெரும்பாலும் இவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பதே.

காகித உறைகளின் காலத்தில் அப்படி மாற்றுவது கடினமன்று. ஒப்பந்தப்புள்ளிப் படிவம் 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லப்படும். அறிவிப்பு எவரும் படிக்காத நாளிதழின் ஒரு மூலையில் வெளிவரும். பெட்டி வைத்திருக்கும் அலுவலகத்தின் வாயிலில் சிலர் நின்று, வேண்டாதவரை உள்ளே விடாமல் தடுப்பர். ஈர உறையை ஆவியில் பிரிக்கும் கலையை அறிந்தவர்களும் இருந்தனர். மனச்சான்றுள்ள அலுவலர்கள் இருந்தாலும், சான்று கூறுவதற்கு ஒரு தடயமும் மிஞ்சுவதில்லை.

இதனைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இந்தியாவில் முதலில் முனைந்தது தமிழ்நாடு. தகவல் அறியும் உரிமைக்கென 1997-இல் ஒரு சட்டத்தை இயற்றிய இம்மாநிலம், அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவின்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கான விதிகள் 2000-இல் வந்தன. ஒப்பந்தப்புள்ளிகளை அதற்கென உள்ள அரசிதழில் வெளியிட வேண்டும். புள்ளி அளிப்பதற்குப் போதிய நாள்கள் தர வேண்டும். மதிப்பிடும் அளவுகோலை முன்னரே அறிவிக்க வேண்டும். முடிவால் பாதிக்கப்பட்டவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். கருநாடகம் 1999-இல் இவ்வழியைப் பின்பற்றியது. நடுவண் அரசோ 2012-இல் பொதுக் கொள்முதல் சட்ட முன்வடிவை மக்களவையில் வைத்தது. அது நிறைவேறாமலே 2014-இல் காலாவதியானது.

இதனால் தூத்துக்குடியில் ஒரு விந்தையைக் காணலாம். மாநகராட்சி போடும் சாலைக்கு மாநிலச் சட்டம் பொருந்தும். சில கிலோமீட்டர் தொலைவில், 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இன்று வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கி நிற்கும் துறைமுகம் நடுவண் அரசைச் சார்ந்தது. அங்கு நடைமுறையில் இருப்பவை நிதி விதிகளும் கண்காணிப்பு ஆணையத்தின் நெறிமுறைகளும் ஆகும். ஒரே ஊரில் இருவேறு நெறிகள். ஆயினும் இரு நெறிகளும் இன்று இணையவழி ஒப்பந்தப்புள்ளியில் வந்து சேர்கின்றன.

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருளில் மாநில, நடுவண் அரசுகளின் ஒப்பந்தப்புள்ளித் தளங்கள் இயங்குகின்றன. ஒப்பந்ததாரர் தம் மின்னணுக் கையொப்பத்துடன் புள்ளியைப் பதிவேற்றுகிறார். பதிவேறும்போதே அது மறைகுறியாக்கப்படுகிறது. அதனைத் திறப்பதற்கு முன்னரே நியமிக்கப்பட்ட அலுவலர்களுள் ஒருவருக்கு மேற்பட்டோர் தத்தம் மின்னணுச் சாவிகளுடன் முன்வர வேண்டும், தனியொருவரால் இயலாது. காலக்கெடுவை அலுவலகச் சுவரிலுள்ள கடிகாரம் முடிவு செய்வதில்லை. தளத்தின் கணினி நேரம் முடிவு செய்கிறது. ஒரு நொடி தாழ்ந்தாலும் பெட்டி மூடிக்கொள்ளும். முதலில் தொழில்நுட்ப உறை திறக்கப்படும். அதில் தகுதி பெற்றவர்களின் விலை உறை மட்டும் பின்னர் திறக்கப்படும். எவரெவர் எவ்வளவு விலை குறித்தனர், எவர் எக்காரணத்தால் நீக்கப்பட்டார், பணி எவருக்கு வழங்கப்பட்டது ஆகியவற்றைக் கடவுச்சொல் ஏதுமின்றி எவரும் பார்க்கலாம். கொட்டைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தின் இடத்தை இன்று கணினித் திரை பெற்றிருக்கிறது.

வாயிலில் ஆள் நிறுத்தித் தடுப்பது இம்முறையில் இயலாது. அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு: மின்னணுப் பெட்டி எதையும் மறப்பதில்லை. போட்டியாளர்கள் தமக்குள் கூடிப்பேசி, ஒருவர் வெல்வதற்காக மற்றவர்கள் வேண்டுமென்றே கூடுதல் விலை குறிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. இக்கூட்டுச்சதியை மெய்ப்பிப்பது அரிது. புனே மாநகராட்சியின் குப்பை பதப்படுத்தும் ஆலைகளுக்கான ஒப்பந்தங்களில் அத்தகைய சதி நடந்ததாக 2018-இல் இந்தியப் போட்டி ஆணையம் முடிவு செய்தபோது, வெவ்வேறு நிறுவனங்களின் புள்ளிகள் ஒரே இணைய முகவரியிலிருந்து பதிவேற்றப்பட்டிருந்தது ஒரு சான்றாக அமைந்தது. காகித உறையில் அத்தடம் பதிந்திராது.

எனினும், கணினி வந்ததும் ஊழல் ஒழிந்தது என எண்ணுவது அறியாமை. தென்கொரியா 2002-இலேயே நாடு முழுமைக்கும் ஒரே இணையக் கொள்முதல் தளத்தை அமைத்தது. அங்கும் சிலர் மின்னணுச் சான்றிதழைக் கடன் வாங்கிப் பிறர் பெயரில் புள்ளி அளித்தனர். அதனைத் தடுக்க 2010-இல் விரல்ரேகை அடையாளத்தைச் சேர்க்க நேர்ந்தது. நம் அலுவலகங்களிலும் அதிகாரியின் மின்னணுச் சாவி உதவியாளரின் மேசை இழுப்பறையில் கிடக்குமாயின், பூட்டு இருந்தும் பயனில்லை.

பெட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள படிகளே இன்று கூடுதல் கவனத்திற்குரியவை. பணியின் விவரக்குறிப்பை ஒரே ஒரு நிறுவனத்திற்குப் பொருந்துமாறு எழுதிவிட்டால், அதன்பின் நடக்கும் போட்டி வெறும் சடங்கு. மதிப்பீட்டுத் தொகையைத் தொடக்கத்திலேயே உயர்த்தி வைத்துவிட்டால், அதனினும் குறைவாகக் கேட்பவரும் கொள்ளை ஆதாயம் பெறுவார். மிகக் குறைந்த விலையே சிறந்தது என்னும் நம்பிக்கையும் ஆய்வுக்குரியது. இதனைத் தூத்துக்குடிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இலவசப் பயணமும் உடன் ஒரு குடையும் தருவதாக அறிவித்தது. போட்டியாளரை வீழ்த்துவதே அந்த 'மலிவின்' நோக்கம். இன்றும் அடக்க விலைக்குக் கீழே புள்ளி அளித்துப் பணியைப் பெற்றுவிட்டு, பின்னர் 'கூடுதல் பணி' என்று கூறித் தொகையை உயர்த்திக்கொள்வோர் உண்டு.

பணி நடைபெறும் இடமே எல்லாவற்றினும் இருண்டது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் இரண்டும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுடையவை. கடலில் கொட்டிய கல்லை எவரும் திரும்ப எடுத்து நிறுத்துப் பார்க்க முடியாது. கொட்டும் முன்னர் எடைமேடையில் பதிந்த எண்ணே சான்று. தூர்வாரும் பணியும் இத்தகையதே. பணிக்கு முன்னும் பின்னும் கடலடி ஆழத்தை அளந்து, வேறுபாட்டைக் கனமீட்டரில் கணக்கிட்டுத் தொகை வழங்குவர். அலையும் நீரோட்டமும் மணலை மீண்டும் கொணர்ந்து நிரப்பும் கடலில், பின்னளவை சில வாரங்கள் தள்ளிப்போனாலும் கணக்கு மாறிவிடும். ஒப்பந்தப்புள்ளி எவ்வளவு தூய்மையாகத் திறக்கப்பட்டிருந்தாலும், அளவைப் புத்தகத்தில் எழுதும் கை தவறினால் பொதுப்பணம் கடலில் கரைந்ததாகவே முடியும்.

உக்ரைன் 2016-இல் 'புரோசோரோ' என்னும் கொள்முதல் தளத்தை அரசு அமைப்புகளுக்குக் கட்டாயமாக்கியது. அங்கு விலைப்புள்ளிகளோடு கையெழுத்தான ஒப்பந்தங்களும் பின்னர் அவற்றில் செய்யப்படும் மாற்றங்களும் வெளியிடப்படுகின்றன. குடிமக்கள் அவற்றைப் படித்து ஐயங்களைப் பதிவு செய்யத் 'தோசோரோ' என்னும் துணைத்தளமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அளவைப் புத்தகத்தையும் பணிப் பட்டியலையும் பார்வையிட விரும்பும் குடிமகனுக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பணிகளையும் ஆவணங்களையும் நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருள்களின் சான்று மாதிரிகளைப் பெறவும் அச்சட்டம் உரிமை தருகிறது. சாலையில் இட்ட தாரிலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்கலாம். தரக்குறிப்பில் கண்ட கனத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.