கடை பூட்டிய ஐந்து நாட்கள்

உங்கள் குடும்பத்தில் சொந்தமாகக் கடையோ பட்டறையோ நடத்துபவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். நோயோ, மௌத்தோ, நிக்காஹ்வோ காரணமாக இல்லாமல், இளைப்பாறுவதற்கென்றே அவர் கடையைப் பூட்டியது கடைசியாக எப்போது என்று எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் இக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. எங்கள் வீட்டிலும் கிடைத்ததில்லை.

சம்பளத்திற்கு வேலை பார்ப்பவருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறையை 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வழங்கியிருக்கிறது. கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை தரப்பட வேண்டும் என்று 2021இல் அதே சட்டம் திருத்தவும் பட்டது. ஆனால் தன் கடைக்குத் தானே முதலாளியும் வேலையாளுமாக இருப்பவரிடம், "இன்று நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று சொல்வதற்கு மேலாளர் எவரும் இல்லை. அவர் தாமே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

என் காக்கா நெல்லைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை நடத்துபவர். ஃபஜ்ரு தொழுத கையோடு கதவைத் திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் பூட்டுவார். நடுவே தொழுகைக்கும் உணவுக்கும் எழுந்த நேரத்தைக் கழித்தாலும் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம், வாரத்திற்கு 98 மணி நேரம் ஆகிறது. வாரத்தில் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் தாக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் இணைந்து அறிவித்தன. காக்காவிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். "ஒரு நாள் பூட்டினால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும்" என்பதே அவர் எப்போதும் தரும் பதில்.

அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கும். புண் ஏற்பட்டாலும் வலி தெரியாது. செருப்பு உரசி உண்டான சிறு காயத்தோடு அவர் மூன்று வாரங்கள் கல்லாவில் நின்றார். "ஆஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள்" என்று மதினி சொன்னபோதெல்லாம், "மாச முதல் வாரம் முடியட்டும்" என்றார். இறுதியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள்கூடப் பூட்ட முடியாதென்ற கடை நாற்பது நாட்கள் பூட்டிக் கிடந்தது.

வாடிக்கையாளர் எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆறேழு குடும்பங்கள் எதிர்க்கடையோடு தங்கிவிட்டன. முன்னறிவிப்பு இல்லாமல் பூட்டிய கதவின் முன் அரிசிக்கு வந்து நின்றவர்களை எப்படிக் குறை சொல்வது?

மறு ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மாதம் அவர் தாமாகவே ஐந்து நாட்கள் பூட்டினார். எவ்வாறு செய்தார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது உங்களுக்குப் பயன்படும்.

மளிகை வாணிபம் மாதத்தின் முதல் பத்து நாட்களில் சூடாகவும் கடைசி வாரத்தில் மந்தமாகவும் இருக்கும். எனவே 24ஆம் தேதிக்குப் பின் வரும் ஐந்து நாட்களைத் தேர்ந்தார். ஜிஎஸ்டி கணக்கை முன்னதாகவே முடித்தார்; கடையைப் பூட்டினாலும் அந்தக் கெடு பூட்டிக்கொள்வதில்லை அல்லவா? பத்து நாட்களுக்கு முன்பே அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். பற்று வைத்திருப்போரிடம் நேரில் சொன்னார். பால், தயிர், ரொட்டி கொண்டுவருவோரை நிறுத்தி வைத்தார். கடைப் பையனுக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தந்தார்.

நட்டக் கணக்கை மதினிதான் போட்டார். நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் விற்பனை. ஐந்து நாளில் அறுபதாயிரம் போய்விடும் என்று காக்கா கலங்கியிருந்தார். "விற்காத சரக்கு கடையில்தானே இருக்கிறது? போவது இலாபம் மட்டுந்தானே?" என்றார் மதினி. நூற்றுக்குப் பத்து இலாபம் என்றால் ஆறாயிரம். அதிலும் அட்டையைப் பார்த்து முன்கூட்டியே வாங்கியவர்களால் பாதி திரும்பிவிட்டது. வாடகையும் பையனின் சம்பளமும் எப்படியும் கொடுக்க வேண்டியவை. விரல்களுக்குச் செலவான தொகையை இதன் பக்கத்தில் எழுதிப் பார்க்க மதினி விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பூட்டினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். சூரத்துல் ஜும்ஆவின் 9ஆம் வசனம் தொழுகை அழைப்பின்போது வாணிபத்தை விட்டுவிடச் சொல்கிறது; 10ஆம் வசனம் தொழுகை முடிந்தபின் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது. நாள் முழுவதும் வேலை கூடாது என்று அங்கே இல்லை. இல்லாததை மார்க்கத்தின் மீது ஏற்ற வேண்டாம். ஆனால் புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்து மனைவியைக் கவனியாது விட்டபோது, ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை உண்ணவும் உறங்கவும் வைத்து, உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமை உண்டென எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்களும் அதை உண்மையென ஏற்றார்கள். வணக்கத்திற்கே இந்த வரம்பு என்றால் கல்லாப்பெட்டியைப் பற்றி என்ன சொல்ல?

அன்றாடம் விற்றால்தான் அன்றாடம் அடுப்பெரியும் தள்ளுவண்டிக்காரருக்கு ஐந்து நாள் என்பது பொருந்தாது என்பதை அறிவேன். அவருக்கு லுஹருக்குப் பின் அரைமணி நேரக் கைலூலாவும், அடுத்த வண்டிக்காரரோடு மாறி மாறி எடுக்கும் அரை நாளுமே இயலக்கூடியவை. வீட்டிலிருந்தே தையல் தைத்தும் மசாலா அரைத்தும் விற்கும் சகோதரிகளின் நிலை இன்னும் கடினம். தையல் பொறியை மூடிவைத்தாலும் அடுக்களை மூடுவதில்லை. அந்த வீட்டில் ஓய்வு என்றால், சமையலை வேறொருவர் ஏற்றாக வேண்டும். கணவன்மார்கள் இவ்வரியை இன்னொரு முறை படிப்பார்களாக!

அந்த ஐந்து நாட்களில் காக்கா எங்கும் வெளியூர் செல்லவில்லை. முதலிரண்டு நாட்கள் உறங்கினார். மூன்றாம் நாள் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடச் சென்றவர், அவள் எந்த வகுப்புக் கட்டடத்தில் படிக்கிறாள் என்பது தெரியாமல் வாசலில் நின்றார். மகள்தான் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றாள்.

அந்த அட்டையை அவர் எறிந்துவிடவில்லை. கல்லாவின் அடியில், தேதி எழுதும் இடத்தை மட்டும் வெற்றாக விட்டு வைத்திருக்கிறார்.