கோடு போட்டால் கணக்கு வரும்

சிங்கப்பூரில் தேக்காப் பக்கம் ஒரு பூக்கடை என்று வைத்துக்கொள்வோம். அக்காளும் தங்கையும் சேர்ந்து 28 மாலை கட்டினார்கள். அக்காள் கட்டியது 4 கூடுதல். ஆளுக்கு எத்தனை?

பாதி 14, அக்காளுக்கு 4 கூட்டி 18, தங்கைக்கு மீதி 10 என்று பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள். ஆனால் 18-க்கும் 10-க்கும் வித்தியாசம் 8 ஆகிவிட்டதே!

கரித்துண்டால் தரையில் இரண்டு பட்டைகள் போடுங்கள். மேலே தங்கைக்கு ஒன்று. கீழே அக்காளுக்கு அதே நீளத்தில் ஒன்று, அதன் நுனியில் ஒட்டினாற்போல் ஒரு சிறு துண்டு. அந்தத் துண்டுதான் 4. அதைக் கையால் மறைத்தால் மிச்சம் 24, சமமான இரண்டு பட்டைகள். தங்கைக்கு 12. மறைத்த கையை எடுங்கள், அக்காளுக்கு 16.

கூட்டலும் கழித்தலும் தெரிந்த பிள்ளைகள்கூட, கணக்கு வாக்கியமாக வந்தால் தடுமாறுகிறார்கள் அல்லவா? சிங்கப்பூரிலும் அப்படித்தான் இருந்தது. அதற்காகவே 1980-களில் அங்குள்ள கல்வி அமைச்சின் குழு ஒன்று, கோ டெக் ஹோங் என்பவரின் தலைமையில், இந்தப் பட்டை முறையைத் தொடக்கப்பள்ளிகளுக்கென உருவாக்கியது. 1995-இல் பல நாட்டு மாணவர்களிடையே நடந்த கணித ஆய்வில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. பட்டை மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேறு. எழுத்து வாசிக்காத தாயும் பிள்ளையோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடலாம். "கூட்டலா, கழித்தலா?" என்று கேட்காதீர்கள், "யாருடைய பட்டை நீளம்?" என்று கேளுங்கள்.

இன்றிரவுக்கு ஒன்று: தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து வயது 48. தாயின் வயது மகளுடையதைப்போல் மூன்று மடங்கு. மகளுக்கு ஒரு கட்டம் போட்டால், தாய்க்கு எத்தனை கட்டம்?