வேகத்தின் வீட்டு முகவரி – 14
ஐந்து புள்ளிகளும் ஒரு டயரும்

போன வாரம் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் சேர்ந்ததும், மெல்போர்னில் 15-ஆவதாக வந்ததும் நினைவிருக்கும். இந்த வாரம் 2011-இன் நொய்டா பந்தயம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஐரோலி ஸ்டேஷனில் தானே வண்டிக்கு நின்றபோது, தொடரை விடாமல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணாச்சி, இண்டியானாபொலிஸ்ல ஆறே வண்டிதான ஓடிச்சு? நாராயணோட அஞ்சு பாயிண்ட் ஓசிதான?”

இதைத் தீர்க்காமல் நொய்டாவுக்குப் போக முடியாது.

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயம். அன்று முதலிடத்திலிருந்து கிளம்ப வேண்டியவர் இத்தாலியின் ஜார்னோ ட்ரூல்லி. டொயோட்டா அணிக்கே அதுதான் முதல் போல் பொசிஷன்.

அந்த ஆண்டு விதிப்படி தகுதிச் சுற்றையும் முழுப் பந்தயத்தையும் ஒரே செட் டயரில் முடிக்க வேண்டும். இண்டியானாபொலிஸின் கடைசி வளைவோ சாய்தளமானது. முழு வேகத்தில் போகும்போது இடப்பக்கப் பின் டயர் நசுங்கும். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ட்ரூல்லியின் சக ஓட்டுநர் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் அங்கேதான் போனது. முழுப் பந்தயத்துக்கும் உத்தரவாதம் தர முடியாது என்று டயர் நிறுவனமான மிஷெலின் கைவிரித்தது. வளைவுக்கு முன் வேகத்தடுப்பு அமைக்கும் யோசனையை, ஃபார்முலா ஒன்னை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. ஏற்கவில்லை. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும், ட்ரூல்லி உட்பட 14 மிஷெலின் கார்களும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன.

மிச்சம் பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி. அந்த டயர் மட்டும் எப்படித் தாங்கியது? பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தமான ஃபயர்ஸ்டோன், அதே களத்தில் இண்டி 500 கார்களுக்கு டயர் கொடுத்துவந்தது. புதிதாகப் போட்ட தளத்தின் குணம் அவர்களுக்குத் தெரியும்.

அதே பிரிட்ஜ்ஸ்டோனால் ஃபெராரிகூட ஆண்டு முழுக்கத் திணறியது. 2005-இல் ஃபெராரி ஜெயித்த ஒரே பந்தயம் இது. மற்ற பந்தயங்களில் எல்லாம் நாராயண் அந்த டயரின் பலவீனத்தைச் சுமந்து ஓட்டினார். இங்கே அதன் பலம் கிடைத்தது. டயரும் பந்தயத்தின் பகுதிதான். இரண்டு மினார்டிகளையும் முந்தி நான்காவதாக வந்து அந்த ஐந்து புள்ளிகளை எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் ஆனார். இது ஓசி இல்லை, தம்பி.

நொய்டாவுக்கு இடம் போதவில்லை. அங்கும் இரண்டு இத்தாலியர்கள். விட்டான்டோனியோ லியுட்ஸியின் இருக்கையை ஹெச்.ஆர்.டி. அணி நாராயணுக்குத் தந்தது. லோட்டஸ் அணியோ ட்ரூல்லியையே வைத்துக்கொண்டு, சென்னையின் கருண் சந்தோக்குக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சியை மட்டும் கொடுத்தது. சொந்த மண்ணில் கருணுக்குப் பந்தயம் மறுக்கப்பட்டது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து. காரணங்களை அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன். 2011 அக்டோபர் 30 அன்று நொய்டா மைதானத்தில் இருந்த வாசகர்கள், பார்த்ததை எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)