விலையில்லாப் பாடநூலும் திருத்தும் உரிமையும்

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பெரும்பாலும் ஈராண்டுக்குள் முடியும் செவிலியம், மின்பணி, தொழிலகக் கருவியியல் போன்ற படிப்புகளுக்குத் திறந்த உரிமப் பாடநூல்கள் கடந்த கால் நூற்றாண்டில் மெல்ல உருவாகி வந்துள்ளன. ஒரு நூலைப் படியெடுக்கவும் பகிரவும் திருத்தவும் பிற நூல்களோடு சேர்க்கவும் எவருக்கும் முன்கூட்டியே அனுமதி வழங்கி, பதிப்புரிமையைக் கைவிடாமலேயே அதன் உரிமையாளர் வெளியிடும் சட்ட ஆவணமே திறந்த உரிமம் எனப்படுகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் முதன்முதலாக வெளியிட்ட உரிமங்களின் வழிவந்தவையே இன்று பரவலாகக் கையாளப்படுகின்றன. அவற்றுள் மிகத் தளர்வான ‘சிசி பை’ உரிமத்தின்படி, மூல ஆசிரியரின் பெயரையும் தாம் செய்த மாற்றத்தையும் குறிப்பிடுபவர் அந்த நூலை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

கட்டணமின்றிக் கிடைப்பதும் திறந்த உரிமத்தில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. சென்னை கிண்டியில் இயங்கும் ‘நிமி’ என்ற மைய அரசு நிறுவனம் ஐடிஐ மாணவர்களுக்காகத் தயாரிக்கும் நூல்களைப் பாரத் ஸ்கில்ஸ் தளத்திலிருந்து செலவின்றித் தரவிறக்கிக் கொள்ளலாம் என்றாலும், அவற்றின் எந்தப் பகுதியையும் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி மறுபதிப்புச் செய்யலாகாது என்ற அறிவிப்பு அந்நூல்களிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. விலை என்ற தடை அங்கே நீங்கியிருக்கிறது. திருத்தும் உரிமை கைமாறவில்லை.

தொழிற்கல்வியைப் பொறுத்தவரை, இவ்விரண்டில் திருத்தும் உரிமையே பெரிது என்று கொள்ள வலுவான காரணம் உண்டு. உளவியல், சமூகவியல் போன்ற பாடங்களின் அடிப்படைகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அவற்றைப் பயில்வோரும் மிகப் பலர் என்பதால், பொதுவான ஒரே நூலை எழுதி நாடெங்கும் அனுப்பிவிடலாம். மின்பணியில் அது இயலாது. அமெரிக்காவின் தேசிய மின்விதித்தொகுப்பு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. ஒவ்வொரு மாநிலமும் அதைத் தனக்குத் தோன்றிய காலத்தில், சில வேளைகளில் தன் சொந்தத் திருத்தங்களோடு, சட்டமாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஒரு மாநிலத்தில் சரியாக இருக்கும் பாடம் எல்லை தாண்டியதும் பிழையாகிவிடக் கூடும். இத்தகைய சிறு சிறு வட்டாரங்களுக்கென்று தனித்தனிப் பதிப்புகளைக் கொண்டுவருவது வணிகப் பதிப்பகத்துக்குக் கட்டுப்படியாகாது. இலவசப் பாடநூல் இயக்கமும் இத்துறைகளின் பக்கம் தாமதமாகவே திரும்பியது. ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012இல் இயற்பியலும் சமூகவியலுமாகத் தொடங்கி, செவிலியத்துக்கான தன் நூல்வரிசையை 2024இல்தான் வெளியிட்டது.

ஆனால் நிறுவனங்கள் வருவதற்கு முன்பே ஒரு தனி ஆசிரியர் வந்துவிட்டார். வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்கு அருகிலுள்ள பெல்லிங்ஹாம் தொழில்நுட்பக் கல்லூரியில் கருவியியல் கற்பித்த டோனி குப்ஹால்ட், நேர்மின்னோட்டம் முதல் செய்முறைச் சோதனைகள் வரை ஆறு தொகுதிகளாக விரியும் ‘லெசன்ஸ் இன் எலெக்ட்ரிக் சர்க்யூட்ஸ்’ என்ற நூலை எழுதி, அதிலிருந்து உருவாகும் நூல்களும் அதே உரிமத்தில்தான் வெளிவர வேண்டும் என்று வலியுறுத்தும் ‘டிசைன் சயின்ஸ்’ உரிமத்தில் வெளியிட்டார். பின்னர் ஆலைகளில் அழுத்தம், வெப்பநிலை, ஓட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் முறைகளையும் விளக்கி அவர் எழுதிய ‘லெசன்ஸ் இன் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்ட்ருமென்டேஷன்’, ஆண்டுதோறும் சேர்க்கப்பட்டும் செப்பனிடப்பட்டும் மூவாயிரம் பக்கங்களைத் தாண்டியது. அதன் உரிமம் ‘சிசி பை’. ஒரு கல்லூரி ஆசிரியரின் தனி உழைப்பில் விளைந்த நூல் என்று சொன்னால் நம்பத் தயங்க வைக்கும் அளவு அது.

குப்ஹால்டின் பணியில் இன்னொரு நுட்பமும் உண்டு. மின்சுற்று நூலை, எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாக, தாமே வகுத்த ‘சப்எம்எல்’ என்ற குறியீட்டு முறையில் எழுதி, அந்த மூலக் கோப்பையும் அவர் பொதுவில் வைத்தார். திருத்தும் உரிமையைத் தந்துவிட்டுத் திருத்துவதற்கு வாகற்ற பிடிஎஃப்பை மட்டும் கொடுப்பது, வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவியை மடியில் முடிந்துகொள்வதற்கு ஒப்பாகும். திறந்த உரிமம் பெற்ற நூல்களில் இவ்வாறு சாவியின்றிக் கிடப்பவை இன்றும் குறைவல்ல. மூலம் கிடைத்ததன் பயனாக, ‘ஆல் அபௌட் சர்க்யூட்ஸ்’ என்ற வணிகத் தளம் அந்நூலை எடுத்து, விரித்து, இன்றும் இலவசமாக வாசிக்கத் தருகிறது.

செவிலியத்தில் இப்பணி அரசு நிதியோடு நடந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ கிளேர் நகரிலுள்ள சிப்பெவா வேலி தொழில்நுட்பக் கல்லூரி, அமெரிக்கக் கல்வித் துறையின் திறந்த பாடநூல் திட்டத்திலிருந்து 25 லட்சம் டாலர் பெற்று, ‘ஓப்பன் ஆர்என்’ என்ற பெயரில் மருந்தியல், செவிலியத் திறன்கள் உள்ளிட்ட ஐந்து நூல்களை உருவாக்கியது. ‘சிசி பை’ உரிமத்தில் வெளிவந்த அந்நூல்கள் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இணைய நூலடுக்கிலும் இடம்பெற்றன. 2023 ஏப்ரலில் செவிலியர் உரிமத் தேர்வான ‘என்கிளெக்ஸ்’, நோயாளியின் நிலையை ஆராய்ந்து முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் வகையில் மாற்றியமைக்கப்பட்டது. அதே ஆண்டில் மருந்தியல் நூலின் இரண்டாம் பதிப்பும் வெளிவந்தது. நூல் வெளிவந்த பிறகும் அதைப் பேணுவதற்கு ஒரு குழு இருந்ததாலேயே இது கைகூடியது.

பேணுவதற்கு ஆளில்லாத இடத்தில் பெருந்தொகையும் உதவவில்லை. 2011 முதல் 2014 வரை நான்கு சுற்றுகளாக ஏறத்தாழ 200 கோடி டாலரை அமெரிக்கத் தொழிலாளர் துறை சமுதாயக் கல்லூரிகளுக்கு வழங்கியபோது, அந்நிதியில் உருவாகும் பாடப்பொருள்கள் அனைத்தும் ‘சிசி பை’ உரிமத்தில் வெளியிடப்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அவற்றைச் சேமித்து வைக்கக் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் ‘ஸ்கில்ஸ்காமன்ஸ்’ என்ற மின்களஞ்சியத்தை அமைத்தது. நோக்கம் சிறந்ததே. எனினும் மானியம் ஆக்கத்துக்கு வழங்கப்பட்டதே அன்றிப் பராமரிப்புக்கு அல்ல. மானியக் காலம் முடிந்து ஊழியர்கள் கலைந்த பின், பாடங்களைப் புதுப்பிக்கும் கடமை எவருடையதாகவும் இல்லாமல் போனது. தொழிற்பாடத்தில் பழைய கோப்பு வெறும் பழங்கோப்பாக மட்டும் இருந்துவிடுவதில்லை. பணியிடத்தில் ஆபத்தாகவும் முடியலாம்.

உரிமத்தின் எல்லைக்கு வெளியே நிற்கும் சிக்கல் ஒன்றும் உண்டு. மின்விதித்தொகுப்பு சட்டமாக ஏற்கப்பட்டிருந்தாலும், அதன் பதிப்புரிமையைத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் என்ற தனியார் அமைப்பு கோருகிறது. இவ்வகைத் தரவிதிகளை இணையத்தில் ஏற்றிய பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பின் மீது அச்சங்கமும் வேறு சில அமைப்புகளும் தொடுத்த வழக்கில், சட்டத்தில் இணைக்கப்பட்ட விதிகளை இலாப நோக்கின்றி வெளியிடுவது நியாயமான பயன்பாடே என்று வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ‘சிசி பை’ நூலையோ வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதால், இத்தீர்ப்பின் நிழல் அதன் மீது முழுமையாக விழும் என்று கொள்ள இயலாது. கம்பியின் தடிமனுக்கும் அது தாங்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவை நூலாசிரியர் தம் சொற்களில் விளக்கிவிட்டு, அளவுகளுக்கு மாணவரை விதித்தொகுப்பின் உரிய அட்டவணைக்கு அனுப்புவதே பாதுகாப்பான வழி. அவ்வாறு சுட்டுவதிலும் கவனம் தேவை. 2017 பதிப்பில் 310.15(பி)(16) என்ற எண் பெற்றிருந்த அந்த அட்டவணை, 2020 பதிப்பில் 310.16 ஆகிவிட்டது.