பெயரின்றிப் புதைக்கப்பட்டோர்: காரைக்கால் கடற்கரை எழுப்பும் கேள்விகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, அக்கம்பேட்டை, பட்டினச்சேரி உள்ளிட்ட கடலோர ஊர்களுக்குள் ஆழிப்பேரலை புகுந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உயிரிழந்த ஏறத்தாழ 600 பேரில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர். காரைக்காலைச் சூழ்ந்திருந்த அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோரின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அடையாளம் காணப்படாமலே பள்ளங்களில் இடப்பட்டவர்களைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம். அவர்கள் பெயரிழந்ததற்குக் கடல் மட்டும் காரணமன்று.

முகம் ஏன் போதாது?

நீரில் கிடந்த உடல் வெப்பத்தில் விரைவாக உப்பும், நிறம் மாறும். ஓரிரு நாள்களில் பெற்ற தாய்க்கும் பிள்ளையின் முகம் தெரியாமல் போகும். துயரத்தில் இருக்கும் உறவினர் பிறர் உடலைத் தம்முடையதென்று ஏற்றுக்கொள்வதும், தம்முடையதை மறுப்பதும் உலகெங்கும் நிகழ்ந்துள்ளன. எனவே பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் மூன்று சான்றுகளையே முதன்மையாகக் கொள்கிறது: கைரேகை, பல் அமைப்பு, மரபணு. மச்சம், தழும்பு, பச்சைக்குத்து, தாலி, அரைஞாண் கயிறு, உடை ஆகியவை துணைச் சான்றுகள்.

இந்த மூன்றுக்கும் ஒரு பொது நிபந்தனை உண்டு. இறந்தவரிடம் எடுத்ததை ஒப்பிட்டுப் பார்க்க, அவர் வாழ்ந்தபோது உருவான பதிவு ஒன்று இருக்க வேண்டும். பல் மருத்துவரிடம் ஒருமுறையும் செல்லாத கூலித் தொழிலாளிக்கு எந்தப் பல் பதிவு இருக்கும்? வயலிலும் உப்பளத்திலும் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை எந்த ஏட்டோடு ஒப்பிடுவது? குடும்பமே மடிந்துவிட்டால் மரபணு ஒப்பீட்டுக்கு யாரிடம் மாதிரி பெறுவது? வாழும்போது அரசின் பதிவேட்டில் இடம் பெறாதவர், இறந்த பின் அடையாளம் பெறுவது அரிது.

தாய்லாந்து இதற்குச் சான்று. அங்கு அதே பேரலையில் ஏறத்தாழ 5,400 பேர் இறந்தனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டவர். பல நாட்டு வல்லுநர் குழுக்கள் மாதக்கணக்கில் உழைத்தன. ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளின் பல் பதிவுகள் விமானத்தில் வந்து சேர்ந்தன. தாய்லாந்து மக்களுக்குக் குடிமக்கள் அடையாள அட்டையின் கைரேகை உதவியது. இறுதிவரை பெயரின்றி எஞ்சிய சில நூறு உடல்களில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களுடையவை என்று கருதப்படுகிறது. ஆவணமற்றவர்களாகவே அவர்கள் மண்ணுக்குள் சென்றனர்.

இரு அரசுகளின் எல்லை

காரைக்கால் நாற்புறமும் தமிழ்நாட்டு மண்ணாலும் கடலாலும் சூழப்பட்ட புதுச்சேரியின் துண்டு. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர். அலைக்கு இந்த எல்லை தெரியாது. ஆனால் காவல் நிலையம், மருத்துவமனை, காணாமற்போனோர் பட்டியல், நிவாரணக் கோரிக்கை ஆகிய அனைத்தும் இரு நிர்வாகங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. ஓரிடத்தில் ‘காணவில்லை’ என்று எழுதப்பட்டவர் மறுபக்கத்தில் ‘அடையாளம் தெரியாத பிணம்’ என்று பதிவானால், இரு தாள்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். வேளாங்கண்ணிக்கு வெளியூரிலிருந்து வந்து மாண்டவர்களையோ உள்ளூரில் அறிந்தவர் எவருமில்லை.

உடலைத் தூக்கியவர் யார்?

பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் அன்று எங்கும் பரவியிருந்தது. விபத்தாலும் வெள்ளத்தாலும் இறந்தோரின் உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோய்க்குக் காரணமாவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் விளக்கியுள்ளது. ஆயினும் அச்சமே வேகத்தை முடிவு செய்தது. அந்த வேகத்தின் சுமை யார் தோளில் ஏறியது? பல நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், உரிய கையுறையோ காலணியோ இன்றி அழுகிய உடல்களை அகற்றியதை மனித உரிமை அமைப்புகள் அன்றே பதிவு செய்தன. ஊர்ப் பிணத்துக்குக் குழி வெட்டுவதைச் சாதிக் கடமையாகச் சுமத்திய சமூகம், பேரிடரிலும் அதே கைகளைத்தான் தேடியது.

அடையாளம் இழக்கப்பட்ட இடமும் இதுவே. எந்த வீட்டின் இடிபாட்டில் உடல் கிடந்தது, இடுப்பில் என்ன கயிறு இருந்தது, கையில் எந்தப் பெயர் பச்சை குத்தப்பட்டிருந்தது என்பனவற்றை முதலில் கண்டவர் அந்தத் தொழிலாளிதான். அவரே முதல் சாட்சி. அவருக்கு எண் அட்டையோ, குறிப்பேடோ, படமெடுக்கும் உதவியாளரோ தரப்பட்டிருந்தால் ஒவ்வொரு உடலும் ஒரு பதிவோடு மண்ணுக்குச் சென்றிருக்கும். அவரைச் சுமை தூக்கும் கையாக மட்டும் கருதியதால் அவர் கண்டதும் மறைந்தது.

சட்டத்தின் சொற்களும் இங்கே கவனிக்கத்தக்கவை. பிண விசாரணையை அக்கம்பக்கத்து ‘மதிப்புக்குரிய’ குடியிருப்பாளர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் நடத்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு கூறியது. இன்று அதன் இடத்தில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. உடலைத் தூக்கியவர் அந்த ‘மதிப்புக்குரியோர்’ வரிசையில் எண்ணப்படுவாரா?

எஞ்சியோர் சுமக்கும் ஏழாண்டு

உடல் கிடைக்காவிடில் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு ஆண்டுகள் செய்தியில்லாதவரையே இறந்தவராகச் சட்டம் ஊகிக்கிறது. சிறப்பு ஆணை பிறப்பிக்கப்படாத இடங்களில் கைம்பெண் உதவித்தொகை, நிலப் பட்டா மாற்றம், காப்பீடு, நிவாரணம் யாவும் அந்த ஒரு தாளுக்காகக் காத்திருக்கும். குடும்ப அட்டையோ பட்டாவோ இல்லாதவர்கள், காணாமற்போனவர் தம் உறவினரே என்பதையும் தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

இன்று ஆதார் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு கைரேகை முதலிய அடிப்படை உயிரியல் தரவுகளைப் பகிரத் தடை விதிக்கிறது. பெயர் தெரியாத உடலின் ரேகையைக் கொண்டு ஆளைக் கண்டறிய இயலாதென்று ஆதார் ஆணையமும் 2018-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் கூறியது. காணாமற்போனோர், அடையாளம் தெரியாதோர் ஆகியோருக்கு மரபணுப் பட்டியல்களை உருவாக்கவிருந்த 2019-ஆம் ஆண்டு மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. அத்தகைய தரவைக் கொண்டு குறிப்பிட்ட சாதியினரைக் குற்றத்தோடு தவறாகப் பிணைக்கக்கூடும் என்ற கவலையை நாடாளுமன்ற நிலைக்குழுவே 2021-இல் எழுப்பியிருந்தது. அக்கவலை நியாயமானது. இறந்தோரை அறியும் தரவு உயிரோடிருப்போரை ஒடுக்கும் கருவியாகாதபடி தெளிவான சட்ட வேலி தேவை.

செய்ய வேண்டுவன அரியவை அல்ல. இறந்தோரைக் கையாள்வது குறித்துத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. ஒவ்வொரு உடலுக்கும் தனி எண், படம், பொருள்களின் குறிப்பு, மரபணு மாதிரி, குழியின் வரைபடம் ஆகியவை இருந்தால் பின்னொரு நாளிலும் பெயரை மீட்கலாம். காரைக்காலுக்கும் அண்டை மாவட்டங்களான நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் பொதுவான பட்டியல் வேண்டும். உடல்களைக் கையாளும் பணி சாதியால் அன்றிப் பயிற்சியால் ஒதுக்கப்பட வேண்டும். அதைச் செய்வோருக்குப் பாதுகாப்புக் கருவியும் உரிய ஊதியமும், எழுத்தில் பதிவாகும் சாட்சியுரிமையும் வேண்டும்.

1968 டிசம்பர் 25 அன்று இதே மாவட்டப் பகுதியிலுள்ள கீழ்வெண்மணியில் குடிசையோடு எரிக்கப்பட்ட 44 பேரின் உடல்கள் கருகிப்போயின. அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவர்களை அறிந்த சேரியும் இயக்கமும் அப்பெயர்களை விடாமல் சொல்லிவந்தன. சொல்ல ஆளற்றுப் போனவர்களின் பெயரைக் காப்பது அரசின் கடமை.